மேற்கே போன ரயில்: கல்கத்தாவின் பூஜை விடுமுறையும் அதன் மலிவும்

1855ஆம் ஆண்டின் கோடையில் தாமஸ் குக் ஆங்கிலப் பயணிகளை முதன்முறையாக ஐரோப்பியக் கண்டத்துக்கு அழைத்துச் சென்றார். பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதிக்கரை, ஹைடல்பர்க், பாடன் பாடன், ஸ்ட்ராஸ்பர்க், பாரிஸ் என்று ரயிலும் நீராவிப் படகுமாக ஊர் ஊராக இறங்கிப் பார்த்துத் திரும்பிய சுற்று அது. ஜெர்மானிய நகரங்களையும் பழைய கோட்டைகளையும் ஒரே பயணத்தில் கோத்துக் காணும் விடுமுறை மரபின் தொடக்கங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் நிலக்கரி வயல் வரையிலான ரயில் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ராஜ்மகால் மலையடிவாரத்துப் போக்னாடி கிராமத்தில் சிதோ, கானு சகோதரர்களின் தலைமையில் சந்தால் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினர். வரலாற்றில் 'ஹூல்' என்று அறியப்படும் எழுச்சி அன்று தொடங்கிற்று.

முதல் நிகழ்ச்சி சுற்றுலா வரலாற்றிலும், இரண்டாவது ரயில்வே வரலாற்றிலும், மூன்றாவது பழங்குடி எழுச்சிகளின் வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. மூன்றையும் சேர்த்துப் படிப்பார் அரிது. ஆனால் பிற்காலத்தில் வங்காள நடுத்தர வர்க்கம் தன் பண்பாட்டு அடையாளங்களுள் ஒன்றாக வளர்த்துக்கொண்ட ரயில் விடுமுறையைப் புரிந்துகொள்ள அந்த மூன்றும் ஒருங்கே தேவைப்படுகின்றன. அவ்விடுமுறை பலருக்கும் எட்டும்படி மலிவாக இருந்தது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதே இங்கே எழுப்பப்படும் கேள்வி.

கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் பயணிகள் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. ஆறே மாதங்களில் பாதை ராணிகஞ்சை எட்டியதற்குக் காரணம் பயணிகள் அல்லர்; நிலக்கரி. ராணிகஞ்சின் கரியைக் கல்கத்தாத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவது முதற்கட்டப் பாதையின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. முதலீட்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாயை அரசு உறுதியளித்திருந்தது. அந்த உறுதியின் சுமை இந்திய வரி செலுத்துவோர் மீது விழுந்தது. பாதையின் அடுத்த பகுதி கங்கையின் போக்கை ஒட்டி ராஜ்மகால் மலைகளைச் சுற்றிச் செல்லத் திட்டமிடப்பட்டது. அந்த மலையடிவாரம்தான் சந்தால் மக்கள் காடு திருத்திக் குடியேறிய தாமின்-இ-கோ.

ஹூல் எழுச்சிக்கு வட்டிக்காரர்களின் சுரண்டலும், நில வரியும், காவல்துறையின் கொடுமையும் முதன்மைக் காரணங்கள். ரயில் பாதைப் பணியும் அதில் ஓர் இழையாகச் சேர்ந்தது. பாதை போட வந்த ஒப்பந்ததாரர்களின் ஆட்கள் ஆட்டையும் கோழியையும் காசு கொடுக்காமல் எடுத்துச் சென்றதும், பெண்களிடம் அத்துமீறியதும் அக்கால எழுத்துகளில் குற்றச்சாட்டுகளாகப் பதிவாகியுள்ளன. எழுச்சியின்போது ரயில்வேயின் தங்குமிடங்கள் தாக்கப்பட்டன, பணி நின்றது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட பின்னரே மலையடிவாரம் அடங்கிற்று. 1855ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் சந்தால் பர்கானா தனி மாவட்டமாயிற்று. 1859இல் ரயில் ராஜ்மகாலை அடைந்தது.

அந்தச் சுற்றுப்பாதை நீளமானது. அதனைக் குறுக்கும் 'கார்டு' பாதை 1871இல் திறக்கப்பட்டபோது கல்கத்தாவின் விடுமுறை நிலவியல் உருவாகத் தொடங்கியது. கர்மாடாட், மதுபூர், ஜசிடி, சிமுல்தலா, ஜாஜா என்று இப்பாதையில் வரிசையாக வரும் ஊர்கள் வங்காளக் குடும்பங்களின் நினைவில் இன்றும் தனி ஒலியுடன் இருப்பவை. மதுபூரிலிருந்து கிரிடிக்குக் கிளைப்பாதை பிரிந்தது. அதுவும் சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதன்று. கிரிடியை அடுத்த கர்ஹர்பாரியில் ரயில்வேக்கே சொந்தமான நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. கரி ஏற்றப் போட்ட பாதையில் கனவான்கள் காற்று வாங்கப் போனார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு வங்காளியில் ஒரே சொல்லில் விடை உண்டு: 'சேஞ்ச்'. ஆங்கிலச் சொல்லாயினும் வங்காளியில் அதற்குத் தனிப்பொருள் வந்துவிட்டது. 'ஹாவா பதல்', அதாவது காற்று மாற்றம், என்பதன் மறுபெயர். உடல் தேறாதவருக்கு மருத்துவர் சேஞ்ச் எழுதிக் கொடுப்பார். போகும் திசைக்கு 'பஸ்சிம்', மேற்கு, என்றே பெயர். செம்மண் மேடு, வறண்ட காற்று, பசியைத் தூண்டும் கிணற்று நீர் என்று மேற்கின் மருத்துவக் குணங்கள் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. கீழ்வங்காளத்தின் ஈரமும் காய்ச்சலும் இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தன.

காய்ச்சலின் வரலாற்றிலும் ரயிலுக்கு இடமுண்டு. 1860களிலும் 70களிலும் ஹூக்ளி, பர்தமான் மாவட்டங்களைக் கொள்ளைநோய்போல் வாட்டிய மலேரியா 'பர்தமான் காய்ச்சல்' என்று பெயர் பெற்றது. அதனை ஆராய 1864இல் அமைக்கப்பட்ட குழுவில் உறுப்பினராயிருந்த திகம்பர் மித்ரா, சாலைகளும் ரயில் பாதைகளும் அமைந்த கரைமேடுகள் நிலத்தின் இயல்பான வடிகாலை அடைத்ததே காய்ச்சலுக்குக் காரணம் என்று வாதிட்டார். அன்று அவ்வாதம் முழுமையாக ஏற்கப்படவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் வங்காளப் பொதுச் சுகாதாரத் துறையின் இயக்குநராயிருந்த சார்லஸ் பென்ட்லி, கரைமேடுகள் ஆற்று வெள்ளத்தைத் தடுத்ததையும் மலேரியாவின் பெருக்கத்தையும் இணைத்து விரிவாக எழுதினார். இவர்களின் வாதத்தை ஏற்றால் ஒரு கசப்பான வட்டம் முழுமையடைகிறது. ரயில் கரைமேடு தண்ணீரைத் தேக்கியது; தேங்கிய நீர் காய்ச்சலை வளர்த்தது; காய்ச்சல் கண்டவர் அதே ரயிலுக்குச் சீட்டு வாங்கி மேற்கே போனார். சீட்டு வாங்க வசதியற்ற உழவர் காய்ச்சலோடு ஊரிலேயே இருந்தார்.

சீட்டு வாங்கக் கூடியவருக்கும் காலம் வேண்டியிருந்தது. அரசு அலுவலகத்திலும் ஆங்கில வணிக நிறுவனத்திலும் வேலை பார்த்த குமாஸ்தாவின் நாள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. 'சாக்ரி' எனப்பட்ட அந்தச் சம்பள வாழ்வின் இறுக்கத்தையும் அவமானத்தையும் வரலாற்றாசிரியர் சுமித் சர்க்கார் நுட்பமாக விளக்கியுள்ளார். ஆண்டுக்கொரு முறை துர்கா பூஜைக்கு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் கல்லூரிகளும் மூடப்பட்டபோதுதான் அவருக்கு நீண்ட ஓய்வு வாய்த்தது. சொந்த ஊருக்குப் போவதே முதலில் வழக்கம். ஊரில் காய்ச்சல், கூட்டுக் குடும்பத்தில் பூசல், கையில் ஓரளவு சம்பளம் என்றானபோது பயணத்தின் திசை மெல்லத் திரும்பியது. பூஜைக்காலத்தை முன்னிட்டு ரயில் நிறுவனங்கள் சலுகைக் கட்டணங்களை விளம்பரப்படுத்தின. ஒரு வர்க்கத்தின் ஓய்வுக் காலம் ரயில்வேயின் விற்பனைக் காலமாயிற்று.

பயணம் எழுத்தாகவும் மாறிற்று. போலாநாத் சந்தர் ஆங்கிலத்தில் எழுதிய இந்துவின் பயணங்கள் 1869இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1888இல் பிரசன்னமயி தேவி வட இந்தியப் பயணத்தை 'ஆர்யாவர்த்தம்' என்னும் நூலாக எழுதினார். வங்காளப் பெண்ணொருவரின் பயணம் என்று அந்நூல் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. துர்காசரண் ராயின் 'தேவகணேர் மர்த்யே ஆகமன்' இன்னும் சுவையானது. பிரமனும் இந்திரனும் நாராயணனும் வருணனும் மண்ணுலகுக்கு வந்து, ரயிலேறி, வழியில் நகரம் நகரமாக இறங்கிப் பார்த்துக் கல்கத்தா வந்து சேர்கிறார்கள். தேவர்களே பயணச்சீட்டு வாங்கி ஊர் சுற்றுவதாக நகைச்சுவையாக எழுத முடிந்ததென்றால், பல ஊர்களைத் தொட்டுச் செல்லும் ரயில் பயணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வாசகருக்கு எவ்வளவு பழகியிருந்தது என்பது விளங்கும்.

மேற்கின் ஊர்களில் வீடு கட்டியோர் பலர். ஈசுவர சந்திர வித்யாசாகர் கர்மாடாட்டில் வீடு வாங்கி, நகரத்து மனிதர்களிடம் கண்ட கசப்பிலிருந்து விலகி, சந்தால் மக்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தும் பள்ளி நடத்தியும் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார். அந்த ரயில் நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அரவிந்தரின் தாய்வழிப் பாட்டனார் ராஜ்நாராயண் பாசு தேவ்கரில் இறுதிக் காலத்தைக் கழித்து 1899இல் மறைந்தார். ஜகதீச சந்திர போஸ் 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார். சத்யஜித் ராய் தாம் படைத்த அறிவியலாளர் ஷோங்குவைக் கிரிடியில் குடியமர்த்தியதற்குப் பின்னால் இந்த நீண்ட குடியிருப்பு மரபு இருக்கிறது.

வித்யாசாகர் விதிவிலக்கு. விதி எது என்பதை இன்னொரு சொல் காட்டிக் கொடுக்கிறது. மேற்கே வந்த வங்காளிகளை உள்ளூர் மக்கள் 'டாஞ்சி பாபு' என்று அழைத்தார்கள். சந்தையில் கோழியையும் முட்டையையும் காய்கறியையும் விலை கேட்டவுடன் பாபுக்கள் வியந்து 'டேம் சீப்' என்று சொல்வார்களாம். அதுவே டாஞ்சி ஆயிற்றாம். சொற்பிறப்புக் கதைகள் எல்லாம் நம்பத்தக்கவை அல்ல. எனினும் வங்காளிகளே தலைமுறை தலைமுறையாகச் சிரித்துக்கொண்டு சொல்லிவரும் கதை இது. வந்தவரை அவர் உதிர்த்த வியப்பொலியாலேயே குறித்த அந்தப் பெயரில், விற்றவரின் மெல்லிய ஏளனமும் கலந்திருக்கிறது. 1855இல் காசு கொடுக்காமல் கோழி எடுத்துச் சென்றவர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்த அதே நிலப்பரப்பில், அரை நூற்றாண்டுக்குள் கோழி வாங்க வந்தவர் அதன் மலிவைக் கண்டு மகிழ்கிறார்.

கோழி ஏன் மலிவாயிருந்தது? விற்றவரிடம் பேரம் பேசும் வலு இல்லை. சந்தால் பர்கானாவிலும் சோட்டா நாக்பூரிலும் நிலம் வட்டிக்காரர் கைக்கும் நிலக்கிழார் கைக்கும் மாறிக்கொண்டிருந்தது. பணத்தால் வரியும் வட்டியும் கட்ட வேண்டியிருந்தவர் விளைந்ததைக் கிடைத்த விலைக்கு விற்றார். விற்க எதுவும் இல்லாதவர் தம் உழைப்பை விற்றார். இவ்விரு நிலப்பரப்புகளிலிருந்தும் பெருந்தொகையான ஆண்களும் பெண்களும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். ரயிலேறிக் கிழக்கே வந்து, கோவாலந்தோ போன்ற ஆற்றுத் துறைகளில் நீராவிக் கப்பலுக்கு மாறி, பிரம்மபுத்திரா வழியே தோட்டங்களுக்குப் போனார்கள். ஒப்பந்தத்தை மீறி வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஆக ஒரே இருப்புப்பாதையில் இரு திசைகளிலும் உடல்கள் பயணம் செய்தன. மேற்கே போனவர் உடல் தேறுவதற்குப் போனார். கிழக்கே போனவர் உடலை ஒப்படைக்கப் போனார். விடுமுறை இலக்கியம் முதல் ரயிலை மட்டுமே பதிவு செய்தது.

20ஆம் நூற்றாண்டில் இப்பயணம் ஒரே ஊரில் தங்கி வருவதைக் கடந்து, பல ஊர்களைக் கோக்கும் சுற்றாக விரிந்தது. 1933இல் ஸ்ரீபதி சரண் குண்டு கல்கத்தாவில் தொடங்கிய 'குண்டு ஸ்பெஷல்' இதற்கு முதன்மையான சான்று. ரயில் பெட்டிகளை ஒதுக்கிப் பெற்று, சமையற்காரர்களையும் உடன் அழைத்துச் சென்று, வங்காளக் குடும்பங்களுக்குப் பழகிய சோறும் மீன்குழம்பும் தந்து, தொலைவான தலங்களைச் சுற்றிக் காட்டுவது அதன் முறை. தாமஸ் குக் ரைன் நதிக்கரையில் செய்ததை வங்காளச் சமையலறையோடு சேர்த்துச் செய்தார்கள் என்று சொல்லலாம். இந்த அமைப்பு பெண்களுக்கும் முதியவர்களுக்கும் திறந்துவிட்ட வழி சிறிதன்று. தனியே பயணம் செய்ய இயலாத கைம்பெண்களும், சமையல் ஆசாரம் கருதி ஊர் தாண்டாதிருந்தவர்களும் துவாரகையையும் ராமேசுவரத்தையும் கண்டார்கள். அந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ரயில்வே தன் பங்குக்கு வங்காளத்தின் பழைய நகரங்களையும் பயணப் பொருளாக்கியது. கிழக்கு வங்காள ரயில்வேயின் விளம்பரத் துறை 1940இல் 'பாங்லாய் ப்ரமண்' என்னும் வழிகாட்டியை இரண்டு பாகங்களாக வெளியிட்டது. ரயில் பாதைகளின் வரிசையில் அமைந்த அந்நூல், நிலையத்தில் இறங்கினால் காணத்தக்க கோயில், மசூதி, பாழடைந்த தலைநகர் ஆகியவற்றை வங்காளியில் சொன்னது. கௌடும் பாண்டுவாவும் இவ்வாறு பயணியின் கைக்கெட்டிய இடைக்கால நகரங்கள் ஆயின. தொழில் வளர்ச்சியின் ஓரத்தில் நின்றுபோனதாலேயே மதிலும் கோபுரமும் தப்பிய ரோதன்பர்க் போன்ற ஜெர்மானிய ஊர்கள், ரயில் பயணிகளின் வருகையால் ஒரு நாட்டின் பழம்பெருமைக்குச் சின்னங்களாயின. வங்காளத்தின் பழைய நகரங்களுக்கும் அத்தகைய காலம் வாய்க்கக்கூடும் என்று 1940இல் தோன்றியிருக்கலாம்.

ஏழே ஆண்டுகளில் அந்த வழிகாட்டியின் நிலப்படம் கிழிந்தது. 1947இன் எல்லைக்கோடு கிழக்கு வங்காள ரயில்வேயைத் துண்டாடியது. சியால்டாவிலிருந்து பத்மா நதியின் ஹார்டிஞ்ச் பாலத்தைக் கடந்து சிலிகுரிக்குச் சென்ற டார்ஜிலிங் மெயிலின் பாதையில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போயிற்று. கௌட் நகரின் இடிபாடுகளையே எல்லைக்கோடு பிரித்தது. தாகில் தர்வாசா இந்தியாவிலும் சோட்டா சோனா மசூதி இன்றைய வங்காளதேசத்திலும் உள்ளன. வடக்கே மலைக்குப் போக விரும்பிய கல்கத்தாக்காரர்கள் சாகிப்கஞ்ச் பாதையில் சென்று, சக்ரிகலி காட்டில் இறங்கி, கங்கையைப் படகில் கடந்து, மணிஹாரி காட்டில் மறுபடி ரயிலேறினார்கள். அதாவது, ஹூல் நடந்த ராஜ்மகால் மலையடிவாரத்துப் பாதைக்கே திரும்பினார்கள். 1970களில் ஃபராக்காவில் கங்கையைக் கடக்கும் ரயில்வழி அமைந்த பின்னரே இந்தச் சிரமம் தீர்ந்தது.

விடுதலைக்குப் பின் விடுமுறையைத் தாங்கிய கை மாறிற்று. 1956இல் மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை வந்தது. பல ஊர்களில் இறங்கி ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பயணச் சீட்டில் எட்டு இடங்கள் வரை பயணத்தை முறித்துத் தங்க ரயில்வே இடமளித்தது. தொலைவு கூடக் கூட மைலுக்கான கட்டணம் குறையும் முறையால் நீண்ட சுற்று இலாபகரமாயிற்று. 1971இல் சத்யஜித் ராய் எழுதி, 1974இல் அவரே படமாக்கிய 'சோனார் கெல்லா'வில் துப்பறிவாளர் ஃபெலுதா கல்கத்தாவிலிருந்து ரயிலேறி ஜெய்சல்மேரின் இடைக்காலக் கோட்டை வரை போவது, இந்தப் புதிய தொலைவுக்கு இலக்கியம் தந்த வடிவம். பழைய மேற்கின் வீடுகள் இக்காலத்தில் கைவிடப்படத் தொடங்கின. 2000 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்ட் தனி மாநிலமானபோது மதுபூரும் கிரிடியும் தேவ்கரும் கல்கத்தாவின் கொல்லைப்புறமாக இல்லாமல் தம் சொந்த அரசியலுக்கு உரிய ஊர்களாயின. வங்காள நினைவுக் குறிப்புகள் இதனை ஒரு வீழ்ச்சியாகப் பாடுவதுண்டு. அங்கேயே பிறந்து வாழ்பவர்கள் அதனை அவ்வாறே காண வேண்டிய கட்டாயம் இல்லை.

உடல் தேறுவதற்காக ரயிலேறும் வழக்கம் அழிந்துவிடவில்லை; திசைதான் தெற்காக மாறியிருக்கிறது. ஹவுராப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வரும் கோரமண்டல் விரைவு ரயிலிலும், காட்பாடியைத் தொட்டுச் செல்லும் ரயில்களிலும் மருத்துவக் கோப்புகளோடு வரும் வங்காளக் குடும்பங்களைத் தமிழ்நாட்டார் நன்கு அறிவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் உணவகங்களிலும் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. சிகிச்சை முடிந்து, கையில் நாளும் காசும் மிஞ்சினால் அவர்களுள் சிலர் ராமேசுவரத்தையும் கன்னியாகுமரியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சேஞ்சும் சுற்றுலாவும் இன்னும் ஒரே பயணத்தில் கலந்தே கிடக்கின்றன. சொந்த மாநிலத்தில் நம்பிக்கையோடு படுக்கக்கூடிய மருத்துவமனைப் படுக்கை கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதையும் அந்த ரயில் பெட்டிகள் சொல்லிக்கொண்டு வருகின்றன.

இந்திய விடுமுறைப் பயணத்தின் வரலாறு இதுவரை பெரிதும் பயணம் செய்தவர்களின் நூல்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அந்நூல்கள் அழகானவை, ஆனால் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தவை. ரயில்வேயின் கரி ஏற்றுமதிக் கணக்குகள், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய பதிவேடுகள், மாவட்ட நிலப் பதிவுகள், பூட்டிய பாபு வீட்டை ஆண்டு முழுதும் காத்த தோட்டக்காரர் குடும்பங்களின் வாய்மொழி, சந்தாலி மொழியில் வழங்கும் ஹூல் நினைவுகள் ஆகிய அனைத்தும் விடுமுறையின் வரலாற்றுக்கும் சான்றுகளே. மதுபூர் நிலையத்தில் ஒரே காலையில் இறங்கியவர் யார், ஏறியவர் யார் என்ற இரு பட்டியல்களையும் அருகருகே வைக்கும் ஆய்வு ஒன்று எழுதப்பட வேண்டும். அப்போது 'டேம் சீப்' என்ற வியப்புக்கு உரிய விலை எவ்வளவு, அதைக் கட்டியவர் யார் என்பதற்குக் கணக்கோடு விடை சொல்ல முடியும்.